அம்புக்குறிக்கு இடம் வலம் இல்லை

ஜூன் 11

டாக்டரம்மாவின் கட்டளைகள்: படுக்க வேண்டும். பெரும்பாலும் இடது பக்கமாகப் படுக்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் எழுந்து போகலாம். மாடிப்படியை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். இப்போது ஐந்தாம் மாதம். குழந்தை முழுதாக வளரும்வரை தையல் தாங்க வேண்டும். முந்தைய இரண்டு தடவையும் தையல் இல்லை. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

நாட்குறிப்பு எழுதச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பதினோரு வருடம் இயற்பியல் நடத்தியவளைச் சும்மா படுக்கப்போட்டால், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். அதற்கு இது மேல்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உடுமலையில் என் கணவர் பூபதி மாமா அவசரமாகப் பிடித்த மாடி வீடு இது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பயத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதனால் என் தெரு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. மாமா நூல் மில்லில் சூப்பர்வைசர். விடிவதற்குள் போய், இருட்டிய பிறகு வருகிறார். பகல் முழுக்க நானும் அவருடைய அம்மாவான அத்தையும்தான்.

ஜூன் 12

புளிக்குழம்பு கேட்டேன். கீரை வந்தது.

ஜூன் 14

காற்று. உடுமலைக் காற்றைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. தெற்குப் பக்கத்து ஜன்னல் கதவு அடித்துக் கண்ணாடி தூள்தூளாகிவிட்டது. மாமா மில்லிலிருந்து கொண்டுவந்த பெட்டி அட்டையை ஜன்னல் முழுக்க ஆணியடித்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர் கண்ணாடி மாற்ற ஆடி கழியணும் என்கிறாராம். அறை பகலிலேயே இருட்டாகிவிட்டது.

கோகிலா பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனாள். மாமாவின் தங்கை. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் வீடு. அவளுடைய இரண்டு வாலும் என் கட்டிலைச் சுற்றிப் பேருந்து ஓட்டின. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 15

சுவரில் ஒரு ஆள் தலைகீழாக நடந்து போனார்.

முதலில் தலைசுற்றல் என்று நினைத்தேன். பிறகு ஒரு சைக்கிள், சக்கரம் மேலே. அட்டையில் மாமா ஆணியடித்துப் பிடுங்கிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் வழியாக வரும் ஒளி, எதிர்ச்சுவரில் என் தெருவை வரைந்துகொண்டிருக்கிறது. மங்கல்தான். ஆனால் வர்ணத்தோடு இருக்கிறது. ஊசித்துளைக் காமிராவை எத்தனை தடவை கரும்பலகையில் போட்டிருப்பேன். அதற்குள்ளேயே படுத்துக் கிடப்பேன் என்று யார் கண்டார்கள்?

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகவாயில் கைவைத்து நின்று பார்த்தார்.

“ஏங்கண்ணு தலகீழாத் தெரியுது?”

“வெளிச்சம் நேர்கோட்டுலதானுங்க அத்தை போகும். ஆளோட தலையிலிருந்து வர்றது ஓட்டைக்குள்ள சாஞ்சு பூந்து கீழ போயிரும். கால்லேர்ந்து வர்றது மேல போயிரும்.”

“செரி செரி. பருப்பு வெந்துருச்சான்னு பாக்கறேன்” என்று போய்விட்டார். இப்படித்தான் என் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் தப்பிப்பார்கள்.

ஜூன் 20

தெருவில் எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். வீட்டில் சமையலறை இருக்கிற பக்கம் போனால் மாரியம்மன் கோயில். கட்டில் இருக்கிற பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டு, அதைத் தாண்டி ஆஸ்பத்திரி. இனி சுவரைப் பார்த்தே யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஜூலை 6

லென்ஸ் வந்துவிட்டது. ஓட்டையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், படம் கலங்கும். கலங்காமல் இருக்க லென்ஸ் வேண்டும். கணக்குப் போட்டு, அரைப் பவர் கண்ணாடி ஒன்று, வெட்டாமல் வட்டமாகவே வாங்கி வரச் சொன்னேன். கண்ணாடிக் கடைக்காரர் பவர் யாருக்கு என்று கேட்டாராம். மாமா “சுவத்துக்குங்க” என்றிருக்கிறார். அந்த மனிதர் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து உட்காரவைத்துப் பேசினாராம்.

அரைப் பவர் என்றால் இரண்டு மீட்டரில் படம் விழ வேண்டும். இரண்டு மீட்டரில் கயிறு கட்டி மாமாவின் வேட்டியைத் தொங்கவிட்டோம். தெரு கலங்கலாகவே இருந்தது. ஆனால் வேட்டியின் அடியில், கூரைகளுக்கு அப்பால், தொலைவிலுள்ள காற்றாலைகள் ஒவ்வொரு இறக்கையும் தெளிவாகச் சுற்றின. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு மீட்டர் கணக்கு வெகுதூரப் பொருளுக்கு. தெரு பக்கத்தில் இருக்கிறது. அதன் படம் இன்னும் தள்ளித்தான் விழும். வேட்டியை உருவச் சொன்னேன். தெரு நேராகப் போய்ச் சுவரில் விழுந்தது. எதிர்வீட்டுக் கோலத்தின் புள்ளிகளை எண்ணலாம்.

அத்தைக்கு அதையும் விளக்கினேன். தார் ரோட்டில் போகிற தள்ளுவண்டி சாய்வாக மணலில் இறங்கினால் முதலில் இறங்கிய சக்கரம் தயங்கும், வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பும். ஒளியும் கண்ணாடிக்குள் நுழையும்போது வேகம் குறைந்து அப்படித்தான் திரும்புகிறது. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி லென்ஸ் முழுக்கப் பரவிய வெளிச்சத்தை எல்லாம் அது திருப்பித் திருப்பி மறுபடி ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்கிறது. நடு தடிமனாக, ஓரம் மெலிதாக இருப்பது அதற்குத்தான்.

“அப்ப அதுவும் சிதறுனதச் சேத்துத்தான் குடுக்குது” என்றார் அத்தை. இதைப் பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன்.

ஜூலை 19

அத்தை தினமும் மதியம் தூக்குப்போசியோடு கோயிலுக்குப் போகிறார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதாக வேண்டுதலாம். இந்த வெயிலில் வேண்டாம் என்றால் கேட்பதில்லை. சுவரில் பார்க்கிறேன்: பச்சைச் சேலை தலைகீழாக, நிதானமாக, சமையலறைப் பக்கம் நகர்ந்து மறைகிறது. எனக்காக ஒருத்தர் தினமும் நடக்கிறார். எனக்கு அம்மா இல்லாத குறை தெரியாமல் இருக்கிறது.

கோகிலா மூன்று வாரமாக வரவில்லை. பெரியவனுக்குப் பரீட்சையாம். ஒன்றாம் வகுப்புக்கு என்ன பரீட்சையோ.

ஜூலை 28

வயிறு இறுகுகிறது. மாமாவுக்குப் போன் போட்டாயிற்று. கார் வந்துவிட்டது.

ஜூலை 31

வீட்டுக்கு வந்துவிட்டேன். போனதும் வந்ததும் இருட்டில், அதே நாற்காலியில், கண்ணை இறுக மூடிக்கொண்டுதான். ஊசி போட்டு நிறுத்திவிட்டார்கள். தையல் அப்படியே இருக்கிறது. குழந்தை அப்படியே இருக்கிறது. ஸ்கேனில் இதயம் குதிரை மாதிரி ஓடியது. டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் “எல்லாம் சரியா இருக்கு” என்றார். அந்தக் கொஞ்ச நேரம் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9

தெரு முழுக்க இப்போது எனக்கு அத்துப்படி. எதிர்வீட்டு சரசக்கா வான்கோழி வளர்க்கிறார். மூன்றாம் வீட்டு மருமகள் துணி காயப்போடும்போது போனைத் தோளில் இடுக்கிக்கொள்கிறாள். பால்காரருக்கு நடுமண்டையில் வழுக்கை. மேலேயிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, அவரே அறியாத சங்கதி. நான் அவர்களையெல்லாம் பார்க்கிறேன், அவர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. அது எனக்கு வசதியாகவே இருக்கிறது.

குழந்தை நன்றாக உதைக்கிறது. மாமா கையை வைத்துப் பார்த்துவிட்டு, மில்லில் மெஷின் தறிகெட்டு ஓடினால் இப்படித்தான் அதிரும் என்றார். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27

காலையில் ஒரே கூச்சல். சரசக்காவின் வான்கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அத்தை மாடியில் நின்று, “எங்க மருமகளைக் கேளுங்க, அவதான் தெருவையே பாத்துட்டுக் கெடக்கறா” என்று என் பெருமையைப் பரப்பிவிட்டார்.

“டீச்சருங், எந்தப் பக்கமுங் போச்சு?” என்று கீழேயிருந்து சரசக்காவின் குரல்.

அது போனதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். சமையலறைப் பக்கமாக ஓடி மறைந்தது. “கோயில் பக்கமுங்க” என்று படுத்தபடியே குரல் கொடுத்தேன். வகுப்பறைக் குரல், தெருமுனைவரை கேட்டிருக்கும்.

பத்துப் பேர் ஓடினார்கள். சுவரில் பத்துப் பேரும் எதிர்ப் பக்கம் ஓடினார்கள். நான் கோயில் என்கிறேன், இவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறார்களே, சொன்னால் விளங்காதா என்று எரிச்சலாகிவிட்டது.

“அத்தை, இவங்க எதுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடறாங்க?”

“இல்லயே கண்ணு, நீ சொன்ன மாதிரி கோயிலப் பாத்துத்தான் ஓடறாங்க.”

பேனாவை எடுத்துப் படம் போட்டேன். பதினோரு வருடமாக நான் கரும்பலகையில் போட்ட பொருள் எது? ஒரு அம்புக்குறி. நிமிர்ந்த அம்பு லென்ஸைத் தாண்டியதும் தலைகீழ் அம்பு. அம்புக்குறிக்கு இடம் வலம் இல்லை. அதனால் படம் மேல்கீழாக மட்டும்தான் மாறும் என்று எனக்குள் பதிந்துவிட்டது. மேலிருந்து வருவது கீழே போனால், கோயில் பக்கத்திலிருந்து வருவதும் எதிர்ப் பக்கம்தானே போக வேண்டும்? பாடத்தில் சொல்லத் தெரிந்தவளுக்கு வீட்டுச்சுவரில் புரியவில்லை.

வான்கோழி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கடியில் கிடைத்தது. சரசக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. தெருவே சொல்லிக்கொண்டிருக்கும்.

வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படியானால் பச்சைச் சேலை.

ஆகஸ்ட் 28

அத்தை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சுவரில் சமையலறைப் பக்கம் போனார். அப்படியென்றால் தெருவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்.

ஆகஸ்ட் 29

இன்றும். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. அதைத் தாண்டி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரம்மா திரையைப் பார்த்துப் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் இருக்கிறது. என்னிடம் சொல்லாததை அத்தையிடம் சொல்லியிருப்பார்கள். குழந்தைக்கு ஏதோ இருக்கிறது.

சோறு இறங்கவில்லை. பசியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 30

கேட்டுவிட்டேன்.

அத்தை தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “டாக்டரம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க அத்தை? எதா இருந்தாலும் சொல்லிருங்க, நான் தாங்கிக்குவேன்” என்றேன். தாங்கிக்கொள்கிறவள் குரல் மாதிரி அது இல்லை.

“டாக்டரம்மாளா? நா எங்க கண்ணு அவங்களப் பாத்தேன்?”

“தெனமும் அந்தப் பக்கந்தான போறீங்க. கோயிலுக்குப் போறதில்லீங்களே.”

அத்தை சுவரைப் பார்த்தார். இவ்வளவு நாள் அதை வேடிக்கைப் பொருளாக நினைத்திருந்தவர், காட்டிக்கொடுத்துவிட்டதே என்பது போல் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“கோகிலா வீட்டுக்குப் போறேன். அவளுக்கு மூணு மாசம். பச்சத்தண்ணி தங்க மாட்டேங்குது, எல்லாம் வாந்தி. ரசஞ்சோறு கரைச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா ரெண்டு வாய் எறங்குது.”

முதலில் வந்தது நிம்மதி. என் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. எதற்காக என்னிடம் மறைத்தார்கள்? ரெண்டு தடவை கலைந்தவள். அவள் பார்வை படக்கூடாது என்று ஒதுக்குகிற வழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. வளைகாப்பில் என்னை வாசலோடு நிறுத்திய ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

“என் கண்ணு பட்டுருமுன்னுதானுங்களா?”

அத்தை என் கையை வெடுக்கென்று பிடித்தார். “ஏன்டி, என்ன பேச்சுப் பேசற நீ. அவதான் அழுதுட்டுக் கெடக்கறா. ரெண்டு இருக்குது, போதும்னு இருந்தவளுக்கு நெனைக்காம நின்னுருச்சு. அண்ணி ஒண்ணுக்காகக் கட்டல்ல கெடக்கறாங்க, எனக்குக் கேக்காமயே மூணாவது, எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க வருவேங்கறா. நீ மனசு கலங்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருமோன்னு நானும் வாய மூடிட்டேன். பொய்தான். போற வழியில தெனமும் பிள்ளையாருக்கு எண்ண ஊத்தி மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போறேன்.”

பிறகு எனக்குப் பசித்தது. மிச்சமிருந்த ரசத்தில் சோறு கரைத்துக் கொடுத்தார். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31

பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அவளுக்கு நினைக்காமல் நிற்கிறது, எனக்குத் தைத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. காலையில் நிறைய இருந்தது. சாயங்காலம் கொஞ்சம் குறைந்தது. அவள் என்னை நினைத்து அழுகிறாள் என்பது வேறு ஒரு பக்கம் நன்றாகவும் இருக்கிறது. நான் நல்லவள் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

செப்டம்பர் 3

கோகிலா வந்தாள். வந்தாள் என்றால், தெருவரை வந்தாள். மதிய வெயிலில் வாசலுக்கு நேரே நின்றுகொண்டு படியேறாமல் இருந்தாள். சுவரில் பார்த்துக்கொண்டே போன் செய்தேன். தலைகீழாக ஒரு பெண் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

“அண்ணி, நா வீட்லதானுங் இருக்கறேன்.”

“மஞ்சள் சுடிதார் போட்டுட்டு எங்க வாசல்ல நிக்கறது யாரு?”

தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது நிமிர்ந்த மாதிரி தெரிந்தது.

“எளச்சுட்டே கோகிலா. மேல வா.”

“உங்க மூஞ்சியப் பாத்தா அழுகாச்சி வருமுங் அண்ணி.”

“வந்து அழு. இங்க எனக்கும் வேற வேலையில்ல.”

மெதுவாக ஏறி வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். ஒரே கட்டிலில் இரண்டு பேர், உள்ளே இரண்டு பேர். அழுதோம். பிறகு சுவரைக் காட்டினேன். சரசக்காவின் வான்கோழி வானத்தில் நடந்துகொண்டிருந்தது. கோகிலா சிரித்த சிரிப்பில் வாந்தி வந்துவிட்டது.

செப்டம்பர் 21

கோகிலா தினமும் வருகிறாள். அத்தைக்கு நடை மிச்சம். சூரியன் தெற்கே இறங்க ஆரம்பித்துவிட்டதால் எதிர்வீட்டு முகப்புகளில் வெயில் குறைகிறது, சுவரில் தெரு மங்குகிறது. எங்களுக்குப் பேச்சு இருப்பதால் குறை தெரியவில்லை.

அக்டோபர் 9

டாக்டரம்மா தையலைப் பிரிக்க நாள் குறித்துவிட்டார். தலை கீழே இறங்கிவிட்டதாம். “தலகீழா இருக்கறதுதான் சரின்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களே” என்றார் மாமா. அவர் பகடி பேசி நான் இப்போதுதான் கேட்கிறேன்.

அக்டோபர் 24

பெண். இரண்டே கால் கிலோ. அழுதாள். நானும்.

நவம்பர் 8

நேற்று வீட்டுக்கு வந்தோம். என் காலால் படியேறினேன்.

பாப்பாவுக்கு லேசாக மஞ்சள் இருக்கிறது, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டச் சொன்னார்கள். நாலைந்து நாளாக ஐப்பசி மழை. இன்று வெளுத்துவிட்டது. இந்த மாதத்தில் தெற்கு ஜன்னலில் வெயில் நேராக விழும். அட்டையைப் பிரித்துவிடச் சொன்னேன். மாமா லென்ஸில் கையை வைத்துக்கொண்டு, “எடுத்துரட்டுமா?” என்று இரண்டு தடவை கேட்டார். எடுத்தார். சுவரில் தெரு காணாமல் போய், அறை முழுக்க வெயிலானது.

இத்தனை மாதமும் எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும், சிரித்துக்கொண்டிருந்த நாளிலும். எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதவில்லை. இப்போது எழுதலாம்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் போய் நின்றேன். தெரு சின்னது. நான் நினைத்திருந்ததைவிட அழுக்கு. எல்லோரும் காலால் நடந்துகொண்டிருந்தார்கள். சரசக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாருங் அது?”

“நான்தானுங்க்கா. டீச்சர்.”

“அட, நீங்களா. கொரலக் கேட்டு நல்லா ஓங்குதாங்கா இருப்பீங்கன்னு நெனச்சுட்டேனுங். கொழந்தையக் காட்டுங், கொழந்தையக் காட்டுங்.”

பால்காரர் வண்டியை நிறுத்தினார். மூன்றாம் வீட்டு மருமகள் போனைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து கோகிலா மேடிட்ட வயிற்றோடு வந்து அவர்களோடு நின்றாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

“உள்ள வா கண்ணு, மைப்பொட்டுக்கூட வெக்கல. ஊர்க் கண்ணெல்லாம் படுது” என்று அத்தை பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“பாக்கட்டுமுங்க அத்தை” என்றேன்.

இரண்டு கையாலும் அவளை ஜன்னல் கம்பிக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். முகத்தில் வெயில் விழுந்தது. கண்ணைச் சுருக்கினாள், மூக்கைச் சுளித்தாள், தன் உடம்புக்குப் பொருந்தாத அவ்வளவு பெரிய தும்மலாகத் தும்மினாள்.

கீழேயிருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில், “நூறு வயசு” என்றார்கள்.